மெமோவும் நானே, பதிலும் நானே

என் அண்ணன் மகள் ஷீபா எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் எச்.ஆர். வேலை பார்க்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள், தட்டில் போட்ட பிரியாணியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்று கேட்டேன்.

“ஒரு மேனேஜர் கம்ப்யூட்டர்கிட்டச் சொல்லி வார்னிங் லெட்டர் எழுதி வாங்குறாரு சித்தப்பா. அதை வாங்கின பையன் அதே கம்ப்யூட்டர்கிட்டச் சொல்லி பதில் எழுதுறான். ரெண்டும் என் டேபிளுக்கு வருது. ரெண்டும் ஒரே ஆள் பேசுற மாதிரி இருக்கு. எது நெஜம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

எனக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. என் மனைவி ஸ்டெல்லா தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். “சொல்லிடுங்க, இப்பதான் ரிடயர் ஆயாச்சே” என்றாள்.

“இருபத்தெட்டு வருஷம் அந்தக் கம்ப்யூட்டர் நான்தாம்மா” என்றேன்.

ஷீபா கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, எழுதிக் கொடுங்கள், எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் அனுப்புகிறேன் என்றாள். எழுதுகிறேன். இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஞானப்பிரகாசம் என்ற என் பெயரை மட்டும் மாற்றவில்லை. தப்பு செய்தவன் நான்தானே.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். அப்பா சுரங்கத்தில் இருந்தார். டைப்பிங்கில் லோயர், ஹையர், ஷார்ட்ஹேண்டில் பாதி: இவ்வளவுதான் என் தகுதி. பெங்களூரில் ஓர் அரசுத் தொழிற்சாலையில், தண்ணீர் பம்புக்கு மோட்டார் செய்யும் இடத்தில், ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் பர்சனல் செக்‌ஷனில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. முதல் இரண்டு வருடம் தங்கவயல் மாரிகுப்பத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போனேன். ரயில் தாமதமானதற்குக் காரணம் எழுதிக் கொடுத்துக் கொடுத்தே என் ஆங்கிலம் தேறியது. பிறகு கல்யாணமாகி, ஒக்கலிபுரத்தில் ரயில் சத்தம் கேட்கும் ஒரு வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

என் மேலதிகாரி வரதராஜன். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். தாத்தா காலத்திலிருந்தே அரசாங்க உத்தியோகம். வரதராஜன் சார் எந்தக் கடிதத்தையும் உட்கார்ந்து படிக்க மாட்டார். எழுந்து நின்று, ஜன்னல் பக்கம் திரும்பி, காகிதத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் படிப்பார். படித்த பிறகு உட்கார்ந்தால் கடிதம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். உட்காராமல் சிவப்புப் பென்சிலைத் தேடினால் தொலைந்தோம். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. பன்னிரண்டரைக்குத் தயிர்சாதம். அந்த நேரத்தில் தொழிற்சாலையே தீப்பிடித்தாலும் அரைமணி கழித்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒக்கலிபுரத்துக்கு வந்த பிறகு மெமோ அடிப்பது என் முக்கிய வேலையானது. தப்பு செய்த தொழிலாளிக்கு விளக்கம் கேட்டுக் கொடுக்கும் நோட்டீஸ்தான் மெமோ. அதற்கு ஒரு முறை உண்டு. முதல் பத்தியில் நாள், நேரம், இடம், நடந்தது. இரண்டாம் பத்தியில் அது எந்த விதிப்படி குற்றம் என்பது. மூன்றாம் பத்தியில், எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் விளக்கம் தராவிட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று கருதப்படும். நடுவில் கார்பன் வைத்து மூன்று பிரதிகள். ஒன்று தொழிலாளிக்கு, ஒன்று ஃபைலுக்கு, அவர் வாங்க மறுத்தால் நோட்டீஸ் போர்டில் ஒட்ட ஒன்று.

நான் அடித்த முதல் மெமோ லேத் கன்னையனுக்கு. அவர் இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டு கேன்டீனில் போண்டா வரிசையில் நின்றிருந்தார். ‘இயந்திரத்தை அநாதையாக விட்டுவிட்டு’ என்று ஆங்கிலத்தில் உருக்கமாக எழுதியிருந்தேன். வரதராஜன் சார் நின்றுகொண்டே படித்தார். சிவப்புப் பென்சில் வந்தது.

“இந்த அநாதை எதுக்குப்பா?”

“ஒரு எஃபெக்டுக்காக சார்.”

“மெமோல எஃபெக்ட் வேண்டாம். நடந்ததைப் போடு. ஒரு அலங்கார வார்த்தை போட்டா பத்து யூனியன்காரா வருவா.”

அநாதையை எடுத்துவிட்டு மறுபடி அடித்தேன். கையெழுத்தாகி மூன்று மணிக்குக் கன்னையன் கைக்குப் போய்விட்டது. ஆறரை மணிக்குக் கன்னையனும் அவர் மனைவியும் அந்த மெமோவோடு என் வீட்டு வாசலில் நின்றார்கள். அவர் எங்கள் பக்கத்துத் தெருதான். ‘இங்கிலீஷ் தெரிஞ்ச தம்பி’ என்று யாரோ கைகாட்டியிருக்கிறார்கள். நான் என்ன செக்‌ஷன் என்பது அவருக்குத் தெரியாது.

“யாரோ ஒரு பாவி இன்னாமோ எழுதிக் குடுத்துட்டான் தம்பி. படிச்சு சொல்லேன்.”

படித்துச் சொன்னேன். கன்னையனின் மனைவி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். “இத்த அடிச்ச கை இருக்கே, அது புழுத்துப் போவணும்!”

நான் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஸ்டெல்லா அடுக்களை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் அழத் தொடங்கிவிட்டார். நான் பேனாவை எடுத்தேன்.

தொழிலாளி இயந்திரத்தைக் கைவிடவில்லை. பசியால் கை நடுங்கிய நிலையில் அதைத் தொடுவது இயந்திரத்துக்குத்தான் ஆபத்து என்று உணர்ந்து, அதன் நலன் கருதியே விலகிச் சென்றார். இதுதான் நான் எழுதிய பதிலின் சாரம். தெருமுனை டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு பழைய மெஷினில் அடித்துக் கொடுத்தேன். மறுநாள் காலை அது என் மேசைக்கே வந்தது. முத்திரை குத்தி, ஃபைலில் கோத்து, வரதராஜன் சாரிடம் வைத்தேன். நின்று படித்தார். உட்கார்ந்தார்.

“போண்டா திங்கப் போனவன் மெஷினுக்குத் தியாகம் பண்ணியிருக்கான் பாரேன்” என்றார். கன்னையன் எச்சரிக்கையோடு தப்பினார். அடுத்த ஞாயிறு ஒரு பை அவரைக்காய் கொண்டுவந்து இறக்கினார்.

அப்புறம் நிற்கவே இல்லை. அசெம்பிளி, பெயின்டிங், ஸ்டோர்ஸ் என்று எல்லாப் பிரிவிலிருந்தும் வந்தார்கள். நான் எந்த செக்‌ஷன் என்பது பிறகு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதற்காக யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. “நீங்களே அடிச்சதுன்னா ஓட்டை எங்கன்னு உங்களுக்குத்தானே தெரியும்” என்றார்கள். அது பொய். ஓட்டை வைத்து நான் ஒரு மெமோகூட அடித்ததில்லை. காலையில் ஓட்டையில்லாமல் எழுதிவிட்டு, சாயங்காலம் அதே கடிதத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டு, எந்தப் படுபாவி இதை இவ்வளவு இறுக்கமாக எழுதினான் என்று என்னையே திட்டியிருக்கிறேன். “பகல்ல குத்திட்டு சாயங்காலம் கட்டுப் போடுறீங்க” என்பாள் ஸ்டெல்லா. எனக்கு அப்போது மனசாட்சி உறுத்தவில்லை. இரண்டு கடிதமும் கடிதம்தான், உண்மை வேறெங்கோ பத்திரமாக இருக்கிறது, நாம் எழுதுவதால் அதற்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்திருந்தேன்.

அந்த எண்ணம் போனது முனிரத்தினம் கேஸில்.

முனிரத்தினம் அசெம்பிளி ஷாப்பில் ஃபிட்டர். தங்கவயல் பையன். வாய் சும்மா இருக்காது. அவனுடைய ஃபோர்மேன் சித்தலிங்கப்பா, துமகூர் பக்கத்துக் கன்னடக்காரர். உயரமான, சாதுவான மனிதர். நடக்கும்போது தலை முன்னும் பின்னும் ஆடும். ஒரு திங்கட்கிழமை காலை அவர் ஷாப்புக்குள் நுழைந்தபோது முனிரத்தினம் உரக்கக் கத்தினான்: “டேய், கத்தெ வந்துச்சுடோய்!”

கன்னடத்தில் கத்தெ என்றால் கழுதை. ஷாப்பில் இருபது பேர் சிரித்தார்கள்.

சித்தலிங்கப்பா நேரே எங்கள் செக்‌ஷனுக்கு வந்தார். கத்தவில்லை, மேசையைத் தட்டவில்லை. ஒரு காகிதம் கேட்டு வாங்கிக் கன்னடத்தில் புகார் எழுதினார். எழுதும்போது மூக்கை இரண்டு தடவை துடைத்துக்கொண்டார். “அவன் சொன்னது போகட்டும். எல்லாரும் நகாடினாங்க ஞானப்பிரகாசம்” என்றார். அவர் தமிழில் சிரிப்புக்கு எப்போதும் கன்னடச் சொல்தான் வரும்.

நான் மெமோ அடித்தேன். ‘மேலதிகாரியைப் பலர் முன்னிலையில் ஒரு விலங்கின் பெயரால் குறிப்பிட்டீர்கள்’ என்று கண்ணியமாக எழுதியிருந்தேன். வரதராஜன் சார் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

“எந்த விலங்குன்னு போடுப்பா. இல்லேன்னா சிங்கம்னு சொன்னேன்னு பதில் வரும்.”

கழுதை என்று போட்டேன். வழக்கமான மெமோ இல்லை அது. ஒழுங்கீனம் அதிகமாகிவிட்டது, யாராவது ஒருவனை வீட்டுக்கு அனுப்பினால்தான் சரிப்படும் என்று தலைமை அலுவலகத்தில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். முனிரத்தினத்தின் ஃபைலில் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைகள். அன்றைக்கே சஸ்பெண்ட் ஆனான். வேலை போனால் கம்பெனி குவார்ட்டர்ஸும் போகும். அதில் அவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், தங்கவயலிலிருந்து மருத்துவத்துக்கு வந்து தங்கியிருந்த மாமனார்.

சாயங்காலம் வந்தான். ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

“நெஜமா என்னடா சொன்ன?” என்று கேட்டேன்.

“கழுதன்னுதாண்ணா சொன்னேன். இன்னா இப்போ? அந்தாளு தலைய ஆட்டிகினு வர்றது அப்படித்தான கீது.”

“இதை எப்படி எழுதுறது?”

ஸ்டெல்லாதான் தலையைத் தூக்காமல் சொன்னாள்: “கத்தைன்னா தமிழ்ல வேற ஆச்சே. வைக்கோல் கத்தை, பேப்பர் கத்தை.”

நான் அவளைப் பார்த்தேன். முனிரத்தினம் என்னைப் பார்த்தான்.

அன்று எழுதியது என் வாழ்க்கையிலேயே சிறந்த பதில் என்று இப்போதும் நினைக்கிறேன். ஃபோர்மேன் அவர்கள் அன்று காலை, யாருக்கு என்ன வேலை என்று எழுதிய ஜாப் கார்டுக் கத்தை ஒன்றைக் கொண்டுவந்தார். வேலைக்காகக் காத்திருந்த நான், கத்தை வந்துவிட்டது என்று சக தொழிலாளிகளுக்கு ஆர்வத்தோடு அறிவித்தேன். என் தாய்மொழி தமிழ். வாக்கியத்தின் வினைச்சொல் தமிழ் என்பதைப் புகார்தாரரே ஒப்புக்கொள்கிறார். வினை தமிழாக இருக்கும்போது பெயர் மட்டும் எப்படிக் கன்னடமாகும்?

மறுநாள் வரதராஜன் சார் நின்று படித்தார். நடுவில் ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மறுபடி படித்தார். உட்காரவில்லை.

“இந்த ஊர்ல எவன்பா முழு வாக்கியத்தை ஒரே பாஷைல பேசறான்? அது போகட்டும். கத்தை எப்படி வரும்? கத்தைக்குக் காலா இருக்கு? கொண்டுவந்தாங்கன்னுதானே சொல்லணும்? எழுது. அன்னிக்கு அவர் கையில கத்தை இருந்ததான்னும் கேளு.”

சித்தலிங்கப்பாவைக் கேட்டேன். “ஒண்ணும் இல்லப்பா. கைய வீசிக்கிட்டுத்தான் வந்தேன்” என்றார். அதையும் சேர்த்து, கால் விஷயத்தையும் சேர்த்து, இரண்டாவது மெமோ அடித்தேன். அடித்து முடித்தபோது, முனிரத்தினம் தீர்ந்தான் என்று எனக்கே தோன்றியது. பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

அன்று சாயங்காலம் நானே அடித்த அந்த மெமோவை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன்: தமிழில் சம்பளம் வரும், தூக்கம் வரும், தும்மல் வரும், தேர்தல் வரும். இவற்றுள் எதற்கும் கால் கிடையாது. ஃபோர்மேன் கையை வீசிக்கொண்டு வந்தார் என்பதை மறுக்கவில்லை. கத்தை அவர் கக்கத்தில் இருந்தது.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் வரதராஜன் சார் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “கதவைச் சாத்து” என்றார்.

சாத்தினேன். அவர் அலமாரியைத் திறந்து பழைய ஃபைல்கள் ஏழெட்டை எடுத்து மேசைமேல் பரப்பினார். எல்லாம் தொழிலாளிகளின் பதில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ‘நடந்தது’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘அக்கர்ட்’ என்று ஒரு சொல் உண்டு. அதில் இரண்டு ‘ஆர்’ வர வேண்டும். எனக்கு எப்போதும் ஒன்றுதான் வரும். என் மெமோக்களில் அதை அவர் திருத்திக் கொடுத்துவிடுவார்.

“இந்தத் தொழிற்சாலைல எத்தனை பேரு ஞானப்பிரகாசம்?”

“எண்ணூறு பேருக்கு மேல சார்.”

“அத்தனை பேரும் ஒரே எடத்துல ஒரே ஆரை விடறாங்க. ஆச்சரியமா இல்ல?”

“எப்பலேருந்து சார் தெரியும்?”

“போண்டாலேருந்து.”

“ஏன் சார் சொல்லலை?”

“முன்னல்லாம் ஆளாளுக்கு எழுதிக் குடுப்பாங்க. ஒண்ணும் புரியாது. நீ எழுத ஆரம்பிச்ச அப்புறம்தான் ரெண்டு பக்கமும் எனக்கு ஒழுங்காப் புரிஞ்சுது. சரி, அதை விடு. அவன் உன்கிட்ட என்ன சொன்னான்? கழுதையா, கத்தையா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “கழுதை சார்.”

அவர் பென்சிலை உருட்டினார். “இந்தக் கேஸ்ல சித்தலிங்கப்பா ஜெயிச்சா என்ன ஆகும் தெரியுமா? இந்த நாள், இந்த நேரம், இவரைக் கழுதைன்னு கூப்பிட்டது நிரூபணமாச்சுன்னு ஆர்டர்ல போடணும். நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். அந்த மனுஷன் ரிடயர் ஆற வரைக்கும் கம்பெனி முத்திரை குத்தின கழுதை. தோத்தாரோ, பேப்பர் கத்தை கொண்டுவந்த ஃபோர்மேன்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “இன்னிக்கு சாயங்காலம் யார் வந்தாலும் எழுதாதே. என்கொயரிக்குப் போகட்டும்.”

என்கொயரி இரண்டு வாரம் கழித்து நடந்தது. விசாரணை அதிகாரியாக வேறு யூனிட்டிலிருந்து ஒரு கணக்குப் பிரிவு அதிகாரி வந்தார். சாட்சிகள் தமிழிலும் கன்னடத்திலும் சொல்வதை ஆங்கிலத்தில் டைப் அடிப்பது என் பொறுப்பு. “கத்தெங்கற எடத்துல கத்தென்னே அடி. அர்த்தம் போடாதே” என்று வரதராஜன் சார் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

முதல் சாட்சி ஒரு பெயின்டர். ஃபோர்மேன் கத்தையோடு வந்தார் என்றார். அதிகாரி கணக்குக்காரர் அல்லவா, எவ்வளவு பெரிய கத்தை என்று கேட்டார். பெயின்டர் கைகளை விரித்து ஓர் அளவு காட்டினார். இரண்டாவது சாட்சி அந்தக் கத்தை பச்சைக் கயிற்றால் கட்டியிருந்தது என்றார். மூன்றாமவர் கயிறு பச்சைதான், ஆனால் மேல் கார்டு மட்டும் மழையில் நனைந்திருந்தது என்றார்.

நான் டைப் அடித்துக்கொண்டே வியர்த்துப்போனேன். இவர்கள் யாருக்கும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறகு முனிரத்தினத்தைக் கேட்டேன், அவனும் சொல்லிக்கொடுக்கவில்லை. சஸ்பெண்ட் ஆன நாட்களில் வாசலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கதையைச் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான். அவர்கள் முகத்தில் பொய் சொல்கிறவனின் பரபரப்பு இல்லை. யோசித்து, நினைவுபடுத்தி, நிதானமாகச் சொன்னார்கள். அவரைக்காய்க்கு நடுவில் என் வீட்டுத் தரையில் பிறந்த கத்தை அது. எனக்கே அந்தப் பச்சைக் கயிறு கண்ணில் தெரிய ஆரம்பித்தது.

கடைசியில் சித்தலிங்கப்பா. இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தார். அதிகாரி கன்னடத்தில் கேட்டார்: அன்றைக்கு உங்களிடம் கத்தை ஏதாவது இருந்ததா? முதலில் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்களே?

அவர் முனிரத்தினத்தைப் பார்த்தார். அந்தப் பெயின்டரைப் பார்த்தார். அன்றைக்குச் சிரித்த முகங்கள்தான் எல்லாம். இன்றைக்கு ஒன்றிலும் சிரிப்பு இல்லை. எல்லோரும் அவரிடம் கத்தை இருந்திருக்க வேண்டும் என்று நிஜமாகவே விரும்பினார்கள். அவர் முகத்தில் ஏதோ ஒரு முடிச்சு தளர்வதை நான் பார்த்தேன்.

“அன்னைக்குக் கோபத்துல இல்லேன்னு சொன்னேன்” என்று கன்னடத்தில் தொடங்கினார். “அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன்.” சட்டென்று உணர்ச்சிவசப்பட்டு எழுந்து நின்று, கன்னடத்திலேயே உரக்கச் சொன்னார்: “ஹௌது! நன்ன கையல்லி கத்தெ இத்து!”

கன்னடத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆம், என் கையில் கழுதை இருந்தது.

விசாரணை அதிகாரி பேனாவைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். வரதராஜன் சார் கைக்குட்டையால் முகம் முழுவதையும் மூடிக்கொண்டார். என் விரல்கள் மெஷினின் மேல் நின்றுவிட்டன. ஒருவன் சிரித்திருந்தால் போதும், அந்த மனிதர் அன்றோடு வேலையை விட்டுவிட்டுப் போயிருப்பார்.

முனிரத்தினம் எழுந்தான். இதற்கெல்லாம் காரணமான அதே வாய், மிகவும் மெதுவாக, மரியாதையாகச் சொன்னது: “பேப்பர் கட்டு சார். ஃபோர்மேன் சார் பேப்பர் கட்டைச் சொல்றாரு. நல்ல கனம் சார் அது. நான்தான் போய் வாங்கியிருக்கணும்.”

“ஹா, அதே, கட்டு” என்று சித்தலிங்கப்பா உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று ஆர்டர் வந்தது. நான்தான் அடித்தேன். கடைசி வரியை வரதராஜன் சார் தன் கையாலேயே சேர்த்தார்: இனிவரும் காலங்களில் தொழிலாளி ‘பேப்பர் கத்தை’ என்று முழுமையாகச் சொல்லும்படி அறிவுறுத்தப்படுகிறார். முனிரத்தினம் மறுநாளே வேலைக்கு வந்துவிட்டான்.

அதற்குப் பிறகும் நான் ஓய்வு பெறும்வரை இரண்டு பக்கமும் எழுதினேன். ஆனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. பதில் எழுதுவதற்கு முன்னால், வந்தவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். யாருக்கும் காட்டுவதற்கல்ல, எனக்கு மறந்துபோகாமல் இருக்க. முனிரத்தினம் கேஸுக்கு அப்படி ஒரு குறிப்பு இல்லாமல் போனது இன்றைக்கும் குறைதான்.

ஏனென்றால், சில வருடம் கழித்து சித்தலிங்கப்பா ஓய்வு பெற்றபோது கேன்டீனில் விழா நடந்தது. அவருக்கு மாலை போட்டவன் முனிரத்தினம். பேசும்போது சித்தலிங்கப்பா அந்தக் கத்தைக் கதையைச் சொன்னார். ஒரு தமிழ் வார்த்தை தெரியாததால் ஒரு நல்ல பையனின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தேனே என்று அவனைக் கட்டிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். விழா முடிந்ததும் முனிரத்தினத்தைத் தனியே இழுத்தேன்.

“இப்பவாவது சொல்லு. அன்னைக்கு நெஜமா என்ன சொன்ன?”

அவன் என்னை ஒரு மாதிரி, உடம்பு சரியில்லாதவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

“இன்னாண்ணா இப்படிக் கேக்குற? கத்தைன்னுதான் சொன்னேன். நீதான எழுதுன?”

விளையாடுகிறானோ என்று அவன் முகத்தைத் தேடினேன். விளையாட்டு இல்லை. வீட்டுக்குப் போய் ஸ்டெல்லாவிடம், நம் வீட்டுத் தரையில் உட்கார்ந்து கழுதை என்றானே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். “சொன்னானா?” என்றாள் அவள்.

ஷீபாவுக்கு இவ்வளவுதான் சொன்னேன். ஆனால் அவள் வந்துபோன மறுவாரம் ஒன்று நடந்தது. முழங்கால் வலிக்காக நான் மல்லேஸ்வரத்தில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்குப் போகிறேன். அங்கே வரிசையில் சித்தலிங்கப்பா உட்கார்ந்திருந்தார். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். அடையாளம் தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய வலது கை மேலே எழவில்லை.

“என்ன சார் ஆச்சு?”

“தோள்தான் ஞானப்பிரகாசம். ரொம்ப வருஷமா. அந்தக் கத்தைய கக்கத்துல வச்சுத் தூக்கினேன் அல்லவா, அதிலேருந்து.”

வரவேற்பில் இருந்த பெண் ஒரு படிவம் கொடுத்தாள். அவரால் எழுத முடியாது என்று என் கையில் தந்தார். பெயர், வயது எல்லாம் நிரப்பினேன். வலி எப்படித் தொடங்கியது என்று ஒரு கட்டம் இருந்தது. பேனா அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றது. அவர் தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, நான் எழுதுவதற்காகக் காத்திருந்தார். ‘பாரமான காகிதக் கத்தையைத் தூக்கியதால்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பெண் படித்துவிட்டு நிமிர்ந்தாள். “எத்தனை கிலோ இருக்கும் அங்கிள்?” என்று என்னைக் கேட்டாள்.

“பன்னிரண்டு கிலோ இருக்கும்மா” என்றேன்.

சித்தலிங்கப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“பன்னிரண்டா? பதினைஞ்சுக்கு ஒரு கிராம் கம்மி இல்ல. உனக்கு என்ன தெரியும் ஞானப்பிரகாசம்? தூக்கினவன் நான்.”